பிச்சிப்பூவும் ரப்பர் ஷீட்டும்: வேலையின்மை விகிதம் உண்மையில் எதை அளக்கிறது?

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு சாயாக்கடை. ஒரே பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர். "கான்கிரீட் போட நாலு ஆளு வேணும் அண்ணாச்சி, ஒருத்தனும் வரமாட்டேங்கான். ஹிந்திக்கார பயக்கதான் கதி." பக்கத்தில் இருந்த பெரியவர் கிளாசைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எனக்க மவன் எஞ்சினியரிங் முடிச்சு மூணு வருசம் ஆச்சு. ஒரு வேலையும் அமைய மாட்டேங்கு."

ஒருவருக்கு ஆள் இல்லை. இன்னொருவருக்கு வேலை இல்லை. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டார்கள். எனக்குத்தான் சாயா ஆறிப்போனது.

இப்படிப்பட்ட பேச்சு பெரும்பாலும் இரண்டில் ஒரு தீர்ப்பில் போய் முடியும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்காது" என்பது ஒன்று. "நாட்டில் வேலையே இல்லை" என்பது மற்றொன்று. அதற்கு மேல் டிவியில் ஒரு சதவீதம் வரும்: வேலையின்மை குறைந்தது, அல்லது கூடியது. அந்தச் சதவீதத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி எடுத்துக்கொள்கிறோம். அது எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்று பார்த்துவிட்டால், பெஞ்சில் இருந்த இருவர் சொன்னதும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கிறது என்பது விளங்கும்.

## தோவாளையில் ஒரு விடியற்காலை

தோவாளை பூச்சந்தைக்கு முகூர்த்த நாளுக்கு முந்தைய விடியலில் போயிருக்கிறீர்களா? பிச்சியும் மல்லியும் தொட முடியாத விலைக்குப் போகும். அதே சந்தையில், நாலடி தள்ளி, கேந்தி கேட்பாரற்றுக் கிடக்கலாம். "இன்றைக்குப் பூ விலை எப்படி?" என்று பொதுவாக யாரும் அங்கே கேட்பதில்லை. எந்தப் பூ என்றுதான் முதலில் கேட்பார்கள்.

வேலையிலும் அதே கதைதான். உழைப்பை விற்பவர்களும் வாங்குபவர்களும் சந்திக்கும் ஏற்பாட்டுக்கு உழைப்புச் சந்தை என்று பெயர். பெயர் ஒருமையில் இருந்தாலும் உள்ளே இருப்பவை நூறு சந்தைகள். கொத்தனாருக்கு ஒன்று, நர்சுக்கு ஒன்று, குலசேகரம் பக்கம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு ஒன்று. ஒன்றில் ஆள் பற்றாமல் திண்டாடும்போதே இன்னொன்றில் ஆள் வழிந்து நிற்கும். தேடப்படும் திறமையும் கையில் இருக்கும் திறமையும் ஒட்டாமல் போவதைப் பொருத்தமின்மை என்கிறார்கள்.

குமரியில் இந்த ஒட்டாமை ஆழமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அப்பா ரப்பர் வெட்டினார், மகள் எம்.எஸ்சி. தாத்தா பனையேறினார், பேரன் மெக்கானிக்கல் எஞ்சினியர். ஒரு தலைமுறையில் படிப்பு ஏறிய வேகத்துக்கு, படித்தவருக்கான வேலை இங்கே முளைக்கவில்லை. படிக்காதவர் செய்த வேலைகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன: தென்னை ஏற வேண்டும், பால் வெட்ட வேண்டும், கான்கிரீட் கலவை சுமக்க வேண்டும்.

அந்த வேலைக்குப் பையன் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வேலை என்பது கூலி மட்டுமா? மரியாதை, ஆபத்து, கல்யாணப் பேச்சில் அதற்குக் கிடைக்கும் மதிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் வேலை. பனையேற்றத்தைச் சாதியோடு ஒட்டவைத்து ஏளனமாகப் பார்த்த ஊர், இன்றைக்குப் பதனீர் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுவதில் எனக்குப் பெரிய அனுதாபம் இல்லை.

## வாக்கியத்தில் விழுங்கப்பட்ட சொற்கள்

இனி காண்ட்ராக்டரின் புலம்பலுக்கு வருவோம். "ஆள் கிடைக்கவில்லை" என்பது அரை வாக்கியம். முழு வாக்கியம்: "நான் கொடுக்கும் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை."

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை கூப்பிடு தூரம். அதைத் தாண்டினால் கேரளம். ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்குப்படி, கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளிக்குச் சராசரி நாள்கூலி கேரளத்தில் சுமார் 852 ரூபாய். தமிழ்நாட்டில் சுமார் 500. விடியற்காலை பஸ் ஏறித் திருவனந்தபுரத்துக்குப் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் கொத்தனாரிடம் போய், சொந்த ஊர்ப் பாசத்தில் இங்கேயே நில்லும் என்றால் நிற்பாரா?

அவர் விட்டுப்போன இடத்துக்கு பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் என்று வெகுதூரத்திலிருந்து ஆள் வருகிறார்கள். அதே கணக்கில் நாட்டுச் சராசரி 393 ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் 278. நமக்குக் குறைவாகத் தெரியும் 500 அவர்களுக்கு மேடு. நம் ஆள் 852-ஐப் பார்த்து ஒரு மலை ஏறுகிறார், அவர்கள் 500-ஐப் பார்த்து ஏறுகிறார்கள். நம் ஆள் அரபு நாட்டுக்கு மீன்பிடிக்கப் போவதும் இதே ஏற்றத்தின் இன்னொரு படி.

"வடக்கன் வந்து நம்ம வேலையைப் பறிச்சிட்டான்" என்ற பேச்சு இங்கேதான் சறுக்குகிறது. வேலை என்பது பந்தியில் எண்ணி வைத்த இலை போல, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவருக்கு இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். வந்தவரும் சாப்பிடுகிறார், வாடகை கொடுக்கிறார், ஃபோனுக்கு ரீசார்ஜ் செய்கிறார். அவர் கலவை சுமப்பதால்தான் வீடு எழும்புகிறது, எழும்பினால்தான் உள்ளூர் எலக்ட்ரீசியனுக்கும் பிளம்பருக்கும் வேலை. அதற்காக யாருக்குமே பாதிப்பு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கேரளம் போக முடியாத வயதில், அதே கையாள் வேலையை நம்பி இங்கே நிற்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்குக் கூலி உயர்வு தள்ளிப்போகலாம். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் எஞ்சினியரிங் படித்தவரின் வேலையை அந்த அசாம்காரர் எடுக்கவில்லை.

இதுவரை பார்த்ததை ஒரு கை அள்ளிக்கொள்வோம்: உழைப்புச் சந்தை ஒன்றல்ல, பல. ஆள் பற்றாக்குறையும் வேலையின்மையும் வெவ்வேறு கடைகளில் ஒரே நாளில் நடக்கும். பற்றாக்குறை என்பது எப்போதும் ஒரு கூலியைச் சார்ந்த பேச்சு.

## காத்திருக்க யாரால் முடியும்?

தோவாளைக்கே திரும்புவோம். பிச்சிப்பூ விற்கிறவருக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. விலை சரியில்லை என்று மொட்டை நாளைக்கு வைத்திருக்க முடியாது. மலர்ந்துவிட்டால் போச்சு. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

அருமனையில் ரப்பர் வைத்திருப்பவர் அப்படியல்ல. பாலை உறைய வைத்து, ஷீட் அடித்து, புகை போட்டு அடுக்கிவிட்டால் விலை ஏறும்வரை அசையாமல் இருக்கலாம். வியாபாரி வந்து கேட்டாலும், "இந்த விலைக்கு வேண்டாம், இருக்கட்டும்" என்பார்.

உழைப்பு இயல்பிலேயே பிச்சிப்பூ. இன்றைக்கு விற்காத உழைப்பு நாளைக்குக் கூடுதலாக ஒரு நாளாக வந்து சேராது. ஆனால் பின்னால் ஓர் ஆதரவு இருந்தால் அதே உழைப்பை ரப்பர் ஷீட் போல நிறுத்திவைக்கலாம். சேமிப்பு, அப்பாவின் பென்ஷன், துபாயிலிருந்து அண்ணன் அனுப்பும் பணம், கால் ஏக்கர் ரப்பர் விளை, எதுவானாலும் சரி. "இதற்குக் கீழே என்றால் வேலைக்கு வரமாட்டேன்" என்று ஒருவர் மனதில் வைத்திருக்கும் மிகக் குறைந்த தொகையை ஒப்புக்கூலி என்று சொல்லிக்கொள்வோம். பொருளாதாரப் பாடத்தில் இதற்குக் கனமான பெயர்கள் உண்டு. நமக்கு இது போதும்.

வளைகுடாப் பணம் வரும் வீட்டில் ஒப்புக்கூலி ஏறும். அது சோம்பலா? அந்தப் பெரியவரின் மகன் மூன்று வருடமாக வேலைக்குப் போகாமல் இருப்பதன் பொருள், மூன்று வருடம் காத்திருக்க அந்த வீட்டால் முடிகிறது என்பது. வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி குரூப் 4, விசா என்று ஏதோ ஒன்றுக்காக அவர் ஷீட்டை அடுக்கி வைத்திருக்கிறார். விலை ஏறும் என்ற நம்பிக்கை பொய்த்தும் போகலாம். ரப்பர்க்காரரைக் கேட்டால் அந்தக் கதையும் சொல்வார். அதே தெருவில் அப்பா இல்லாத இன்னொரு பையன், அதே டிகிரியோடு, ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டான். புள்ளிவிவரத்தில் முதல் பையன் வேலையில்லாதவன், இரண்டாவது பையன் வேலையுள்ளவன். யார் நிலைமை மோசம் என்பதை அந்தக் கட்டங்கள் சொல்லாது.

## நூறு பேர் உள்ள ஒரு தெரு

இப்போது கணக்கு. பயப்பட வேண்டாம், வகுத்தல் மட்டும்தான்.

ஒரு தெருவில் 15 வயதுக்கு மேல் 100 பேர். 50 பேர் ஏதோ ஒரு வேலை செய்கிறார்கள். 5 பேர் வேலை தேடுகிறார்கள், அல்லது கிடைத்தால் இப்போதே போகத் தயாராக இருக்கிறார்கள். மீதி 45 பேர் படிக்கிறார்கள், வீட்டைப் பார்க்கிறார்கள், முதியவர்கள்.

வேலை செய்பவரையும் தேடுபவரையும் சேர்த்தால் 55. இதுதான் தொழிலாளர் படை. மொத்தத்தில் அதன் பங்கான 55 சதவீதம், பங்கேற்பு விகிதம். வேலையின்மை விகிதம் என்பது இந்தப் படைக்குள் தேடிக்கொண்டிருப்பவரின் பங்கு: 55-இல் 5, அதாவது சுமார் 9 சதவீதம். மொத்த 100 பேரில் எத்தனை என்பதல்ல. பலர் தடுக்கி விழும் இடம் இது.

இன்னும் ஒரு வேடிக்கை. தேடிய ஐந்து பேரில் மூன்று பேர் அலுத்துப்போய், "இனிமே தேடுறதுல பலன் இல்லை" என்று வேலை எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். தொழிலாளர் படை 52 ஆகிறது. தேடுபவர் 2. விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒருவருக்குக்கூட வேலை கிடைக்கவில்லை! அதனால் வேலையின்மை விகிதத்தைப் பங்கேற்பு விகிதம் இல்லாமல் தனியாகப் படிக்கக் கூடாது.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் இதோடு குழப்பிக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் பதிந்து காத்திருப்போர் எண்ணிக்கை 2023-இல் 60 லட்சத்துக்கு மேல். ஆனால் அதில் கல்லூரியில் படிப்பவர் உண்டு, தனியார் பள்ளியில் பாடம் நடத்துபவர் உண்டு, கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துக்கொண்டே "சீனியாரிட்டி போயிரக் கூடாது" என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பவரும் உண்டு. அது அரசு வேலைக்கான வரிசை. வேலையில்லாதவர் பட்டியல் என்று அதைப் படிப்பது தவறு.

## ஒரு மணி நேரம் செய்தாலும் வேலைதான்

வேலையில் இருப்பவர் யார் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது.

முதலாவது, வழக்கமான நிலை. கடந்த 365 நாட்களில் பெரும்பகுதி என்ன செய்தீர்கள் என்று பார்ப்பது. பெரும்பகுதி சும்மா இருந்தாலும், துணைத்தொழிலாக 30 நாட்கள் ஏதாவது செய்திருந்தால் வேலையுள்ளவராகச் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டாவது, வார நிலை. கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா என்று பார்ப்பது. செய்திருந்தால் அந்த வாரம் நீங்கள் வேலையில் இருந்தவர்.

குமரிக் கடற்கரையில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் ஆகிய மேற்குப் பக்கத் துறைமுகங்களில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம்! குளச்சல் விசைப்படகில் போகும் ஒருவரை ஜூலையில் போய்க் கேட்டால், வேறு வேலை அகப்படாமல் தேடிக்கொண்டிருந்தால், வார நிலையில் அவர் வேலையில்லாதவர். வழக்கமான நிலையில் வேலையுள்ளவர். ஆள் ஒன்று, பதில் இரண்டு, இரண்டும் சரி. ஆண்டின் சில மாதங்களில் மட்டும் தலைகாட்டும் இதைப் பருவகால வேலையின்மை என்பார்கள். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றுபோகும் தோட்டங்களிலும் இதே நிலைதான்.

அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகும் பெண்களின் நிலை இன்னும் சிக்கல். தோட்டண்டி (தோட்டோடு வரும் முந்திரிக்கொட்டை) வரத்து இருந்தால் வேலை, இல்லாவிட்டால் "நாளைக்கு வராண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை வேண்டியவருக்கு இரண்டு நாள்தான் கிடைத்தது என்று வையுங்கள். வார நிலைப்படி அவர் வேலையில் இருக்கிறார். மீதி நான்கு நாளின் வெறுமை வேலையின்மை விகிதத்தில் எங்கும் தெரியாது. இதற்குக் குறைவேலை என்று பெயர். என்னைக் கேட்டால், நம் ஊரில் வேலையின்மையைவிடப் பெரிய நோய் இதுதான்.

இரண்டு அளவுகோல் இருப்பதை மறந்தால் செய்தியே தலைகீழாகிவிடும். வழக்கமான நிலைப்படி 2023-24-இல் நாட்டின் வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம். 2025 முதல் மாதக் கணக்கும் வருகிறது, அது வார நிலைப்படி. 2025 ஏப்ரலுக்கு 5.1 சதவீதம். "3.2-லிருந்து 5.1-க்குத் தாவிவிட்டது" என்று அப்போது ஃபார்வர்டுகள் சுற்றின. படியால் அளந்ததையும் மரக்காலால் அளந்ததையும் ஒன்றாக வைத்துப் பேசிய கதை அது.

மறுபடி ஒரு கை: வேலையின்மை விகிதம், தேடிக்கொண்டிருப்பவரையும் கிடைத்தால் போகத் தயாராக இருப்பவரையும் மட்டும் எண்ணுகிறது. வேலை எண்ணத்தையே விட்டவர் அதில் இல்லை. அரைகுறை வேலையில் இருப்பவர், வேலையுள்ளவர் பக்கம் போய்விடுகிறார்.

## ஏழை மாநிலத்தில் வேலையின்மை ஏன் குறைவு?

இப்போது இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2023-24 கணக்கெடுப்பில் கேரளத்தின் வேலையின்மை விகிதம் 7.2 சதவீதம். தமிழ்நாடு 3.5. மத்தியப் பிரதேசம் 1.0, நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. மேலே பார்த்த கூலிகளை நினைவில் கொண்டுவாருங்கள்: கேரளம் 852, மத்தியப் பிரதேசம் 278.

கூலி கூடிய இடத்தில் வேலையின்மை அதிகம், கூலி குறைந்த இடத்தில் வேலையின்மை அநேகமாக இல்லவே இல்லை. அப்படியென்றால் கேரளத்துக்காரர் வேலை தேடி மத்தியப் பிரதேசத்துக்கு அல்லவா ரயில் ஏற வேண்டும்? ரயில் எதிர்ப்பக்கம்தான் ஓடுகிறது.

பிச்சிப்பூ, ரப்பர் ஷீட் கதை இங்கே வந்து பூட்டில் சாவியாக விழுகிறது. வேலையில்லாமல் இருப்பதற்குப் பணம் வேண்டும். நாளைக்கு அடுப்பு எரிய வேண்டும் என்றால் 278 ரூபாய்க்கும் போவார்கள், அதுவும் இல்லாவிட்டால் சொந்த நிலத்துத் துண்டில் நான்கு பேர் செய்யும் வேலையை ஆறு பேர் செய்வார்கள். எல்லாரும் வேலையுள்ளவர்கள்! காத்திருக்க முடிந்தவர்தான் தேடுபவராகக் கணக்கில் ஏறுகிறார்.

படிப்பிலும் இதையே காணலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் இந்திய இளைஞர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவரிடையே வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரிகளிடையே 29.1. "படித்தால் வேலை கிடைக்காது" என்று இதைப் படிப்பவர்கள் பாதிதான் படிக்கிறார்கள். படிக்காதவருக்கு நல்ல வேலை கிடைத்துவிடவில்லை, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம். படித்தவருக்குப் பொருத்தமான வேலை போதவில்லை என்பதும் இதே எண்ணில்தான் இருக்கிறது. நம் மாவட்டம் இந்த இரண்டாவது பாதியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

## வேலை கூடியது, எந்த வேலை?

நாட்டில் பெண்களின் பங்கேற்பு விகிதம் 2017-18-இல் 23.3 சதவீதமாக இருந்தது. 2023-24-இல் 41.7. பெரிய ஏற்றம், சந்தேகமில்லை. ஆனால் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்தால், பெரும்பகுதி சுயதொழில் என்ற தலைப்பின் கீழ். அந்தத் தலைப்பு விசாலமானது. நாகர்கோவிலில் சொந்த கிளினிக் நடத்தும் டாக்டரும் அதில் வருவார், கணவரின் பெட்டிக்கடையில் கூலியில்லாமல் உட்கார்ந்திருக்கும் மனைவியும் வருவார். அதே 2023-24 கணக்கில், நாட்டில் வேலை செய்பவர்களில் 58.4 சதவீதம் சுயதொழில், 19.8 சதவீதம் தினக்கூலி, மாதச் சம்பளம் 21.7 சதவீதம்தான். அந்த மாதச் சம்பளக்காரர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தம், பிஎஃப், சம்பளத்தோடு விடுப்பு போன்ற காப்பு எதுவும் இல்லாத வேலையை முறைசாரா வேலை என்பார்கள். "வேலை கிடைச்சிட்டா?" என்பதற்கு அடுத்த கேள்வி "எப்படிப்பட்ட வேலை?" என்று இருக்க வேண்டியதன் காரணம் இது.

செயற்கை நுண்ணறிவு வந்து எல்லா வேலையையும் தின்றுவிடும் என்ற பயத்தைப் பற்றி ஒரு வரி: கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் தொடக்கநிலை வேலைகளைத்தான் அது முதலில் தொடுகிறது, தென்னை மரத்தை இல்லை. அதாவது நம் பட்டதாரி காத்திருக்கும் அதே வரிசையை.

புதிதாக வந்த இன்னொன்று செயலி வழி வேலை. நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், 2020-21-இல் இந்தியாவில் இப்படிப்பட்ட கிக் தொழிலாளர்கள் 77 லட்சம் பேர், 2029-30-இல் 2.35 கோடி ஆகலாம். மாதச் சம்பளம் இல்லாமல், ஒவ்வொரு வேலைத் துண்டுக்கும் தனித்தனியாகப் பணம் பெறுபவர் கிக் தொழிலாளி. சந்தையில் விலை கேட்டுப் பேரம் பேசவாவது முடியும். இங்கே விலையைத் திரை சொல்லும், ஏற்பதா விடுவதா என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டும்.

சாயங்காலம் நாகர்கோவில் வடசேரி பக்கம் போனால் பார்க்கலாம். சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, பைக்கை ஓரம் கட்டி, ஃபோனையே பார்த்துக்கொண்டு நிற்கும் பையன்கள். ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். டிகிரி இருக்கிறது. ஒரு மணி நேரமாக ஆர்டர் எதுவும் விழவில்லையாம். அவன் இந்த வாரம் முழுக்கக் கணக்கெடுப்பில் வேலையில் இருப்பவன். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவனுக்குக் கூலி இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அதிர்ந்தது. செட்டிகுளத்துக்கு இரண்டு பரோட்டா பார்சல். எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "வாறேன் அண்ணே" என்று வண்டியை முறுக்கினான்.